குட்டியோடு வரும் புழுக்கள்

புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியின் உருண்டையான வயிற்றைப் பார்த்து, நன்றாகப் பால் குடித்து வளர்ந்த குட்டி என்று மகிழ்கிறோம். ஆனால், உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால், குடலில் புழுக்கள் நிறைந்திருக்கலாம்.

அந்தக் குட்டி இன்னும் மண்ணைக்கூட மிதித்திருக்காது. பிறகு புழு எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்துதான். உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய் நாயின் தசைகளில் அசைவின்றித் தங்கியிருக்கின்றன. அது சினையுற்றதும் அவை மீண்டும் இயங்கத் தொடங்கி, கருவிலுள்ள குட்டிகளின் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. பூனைக்குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாக வருகின்றன. நாய்க்குட்டிகளுக்குக் கொக்கிப்புழுவும் பால் வழியாகவே தொற்றுகிறது. இது குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுத்து, மலம் கறுத்துப்போகும். கவனிக்காவிட்டால் குட்டி இறக்கவும் கூடும்.

இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இனிப்புக்கும் புழுவுக்கும் தொடர்பே இல்லை. நாய்க்குட்டிக்கு 2 வார வயதிலும் பூனைக்குட்டிக்கு 3 வார வயதிலும் புழு மருந்தைத் தொடங்குவதற்குத் தாய்வழித் தொற்றே காரணம். முதலில் 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாத வயதுவரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது பொதுவான வழக்கம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எனவே, மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. கால்நடை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

மருந்து குடலில் உள்ள புழுக்களைத்தான் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டைகளை ஒன்றும் செய்யாது. உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளிவந்த அன்றே நோயைப் பரப்பாது. அதனுள் இளம்புழு வளர 2 வாரமோ அதற்கு மேலோ ஆகும். வளர்ந்துவிட்டாலோ, தடித்த ஓட்டுக்குள் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். மலத்தை அன்றன்றே அகற்றினால் முட்டைக்கு அந்த அவகாசம் கிடைக்காது. சிங்கப்பூரில் பொது இடத்தில் நாயின் மலத்தை அதனை அழைத்துச் செல்பவரே அகற்ற வேண்டும் என்பது சட்டம். பலர் இதை வெறும் தூய்மை விதியாகவே கருதுகின்றனர்.

கொக்கிப்புழு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த மண்ணில் ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழு தோலைத் துளைக்கும் நிலையை அடைகிறது. வெறுங்காலுடன் மண்ணில் விளையாடும் சிறுவரின் பாதத்திலும் அது நுழையும். நாயின் கொக்கிப்புழுக்களுள் சில மனிதத் தோலுக்கடியில் ஊர்ந்து, அரிக்கும் சிவந்த கோடுகளை உண்டாக்குவதோடு நின்றுவிடும். ஆனால், இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய ‘அன்சைலோஸ்டோமா செய்லானிகம்’ என்னும் வகை மனிதக் குடலிலும் வாழக்கூடியது. இது மலேசியாவில் நாய், பூனைகளிடம் மட்டுமன்றி மனிதரிடமும் கண்டறியப்பட்டுள்ளது.

நாடாப்புழு வரும் வழி வேறு. அதனைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி. உடலை நக்கும்போது நாயோ பூனையோ அப்பூச்சியை விழுங்கிவிடுகிறது. பிறகு வாலுக்கடியில் அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் நாடாப்புழு மீண்டும் வரும்.

மற்றப் புழுக்களின் முட்டைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலத்தில் புழு காணப்படவில்லை என்பதால் குடலிலும் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. சிறிதளவு புதிய மலத்தை மூடிய புட்டியில் கொண்டு சென்றால், மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.