பூச்சியுண்ணும் செடிக்கு உரம் வேண்டாம்

செடிக்கு உரமிடுதல் நன்று என்பது நாம் சிறுவயது முதல் அறிந்த பாடம். பூச்சியுண்ணும் தாவரங்களுக்கோ அதுவே கேடாக முடிகிறது. கண்ணாடித் தொட்டியில் நாங்கள் முதலில் வளர்த்த அழுகண்ணிச் செடிக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றி, சிறிது மண்புழு உரமும் இட்டோம். சில வாரங்களிலேயே அது கருகிவிட்டது. அதன் பின்னரே காரணத்தைத் தேடிக் கற்றோம்.

இத்தாவரங்கள் சத்துக் குறைந்த ஈரநிலங்களில் வளர்பவை. மண்ணில் போதிய அளவு கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பூச்சிகளின் உடலிலிருந்து பெறுகின்றன. மாவுச்சத்தை மற்றச் செடிகளைப் போன்றே ஒளியின் துணையால் தாமே ஆக்கிக்கொள்கின்றன. ஆகவே பூச்சியே அவற்றுக்கு உரம். இத்தாவரங்களைப் பற்றி 1875-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூலின் பெரும்பகுதி, அழுகண்ணி இனத்தைக் குறித்ததே.

எதைத் தேர்ந்தெடுப்பது? அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த வீனஸ் பூச்சிப்பொறிக்குக் குளிர்கால ஓய்வு தேவை. நம் சமவெளி வெப்பத்தில் அது அரிது. மேகாலயக் குன்றுகளின் குடுவைச்செடி கொடியாக நீண்டு வளர்வது. அழிவின் விளிம்பில் இருப்பதால் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. அதைக் காட்டிலிருந்து எடுத்தல் கூடாது. சிறிய தொட்டிக்கு ஏற்றது, நாற்றுப்பண்ணையில் வளர்த்த அழுகண்ணியே.

மண்: உரம் கலவாத கரிப்பாசியுடன் நன்கு கழுவிய பெருமணலைக் கலந்து இடவேண்டும். தோட்ட மண் ஆகாது.

நீர்: மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஏற்றது. கிணற்று நீரின் உப்புகள் மண்ணில் படிந்து வேரைக் கெடுக்கும். மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், செடி மூழ்கலாகாது.

ஒளி: வெளிச்சம் மிகுதியாக வேண்டும். ஆனால் மூடிய கண்ணாடித் தொட்டியை நேர்வெயிலில் வைத்தால் உள்ளே வெப்பம் ஏறிச் செடி வெந்துவிடும். மேற்புறம் திறந்த தொட்டியே பாதுகாப்பானது.

பூச்சி: மாதம் ஓரிரு சிறு பூச்சிகள் போதும். இறைச்சித் துண்டு இட்டால் இலை அழுகும்.

இலைகளில் பனித்துளி போன்ற பசைத்துளிகள் மின்னினால் செடி நலமாக உள்ளது என்று அறியலாம். நம் நாட்டு அழுகண்ணி பூத்து விதை உதிர்த்தபின் மடிந்துபோவதும் உண்டு. அப்போது தொட்டியைக் கொட்டிவிடாமல் ஈரம் காத்து வாருங்கள்; உதிர்ந்த விதைகள் அதே மண்ணில் முளைக்கக்கூடும். முதல் முறை நாங்கள் பொறுத்திருக்கவில்லை. இப்போது எங்கள் சன்னலோரத் தொட்டியில் இரண்டாம் தலைமுறை வளர்கிறது.