பத்துப் பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கும்போது

புணேயில் காரைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. பிம்ப்ரியிலும் சாக்கணிலும் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் இது. இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இயங்கிவருவதும் இங்கேதான். இத்தகைய ஊரில் விமான் நகர் அடுக்ககம் ஒன்றில் வாழும் நண்பர்கள் பத்துப் பேர், காரின் செயல்திறனை அளக்கும் சிறு கருவியைக் கூட்டாக வாங்க எண்ணுவது இயல்பே.

கருவியின் பயன் எளிது. காரின் வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஆகவே அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒரு முறையே இருப்பிடத்தைக் கணிக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் கார் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். நொடிக்கு 10 முறையோ அதற்கு மேலோ கணிக்கும் தனிக்கருவி இருந்தால்தான் 0-விலிருந்து 100 வரை எட்டும் நேரத்தை நம்பி எழுதிக்கொள்ளலாம். நண்பர்கள் இருவர் பொதுச்சாலையில் கார்களைப் போட்டியிட்டு அளப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இருங்காட்டுக்கோட்டை, கோவை போன்ற இடங்களில் இதற்கென்றே பந்தயத் தடங்கள் உள்ளன.

இனி நம் துறைக்கு வருவோம். கூட்டாக வாங்குவதில் மிச்சமாவது எது? ஒரு கருவியின் விலை 12,000 ரூபாய் எனவும், வெளிநாட்டிலிருந்து அதைத் தனியே வரவழைக்க அனுப்புகைச் செலவு 3,000 ரூபாய் எனவும் கொள்வோம். பத்துக் கருவிகள் ஒரே பொதியில் வர 6,000 ரூபாய் ஆனால், ஒருவர் பங்கு 600 மட்டுமே. சுங்கவரி, அனுப்புகைச் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மீது கணக்கிடப்படுவதால் வரியிலும் சிறிது குறையும். மற்றபடி எத்தனை பேர் சேர்ந்தாலும் வரி விகிதம் இறங்காது. அவ்வரியையும் சேர்த்த தொகையின்மீதே ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது.

மிச்சம் கவர்ச்சியானதுதான். ஆயின் சிக்கலும் அந்த ஒரே பொதியில்தான் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகப் பொருள் வரவழைப்பவருக்கு இறக்குமதியாளர்-ஏற்றுமதியாளர் குறியீட்டெண் தேவையில்லை. ஒருவர் பெயரில் ஒரே வகைக் கருவிகள் பத்து வந்து இறங்கினால், அது சொந்தப் பயன்பாடுதானா என்று சுங்க அலுவலர் வினவுவது நியாயமே. ஆதார் அல்லது பான் விவரம் தந்து பொதியைப் பெறுபவர் ஒருவரே. விடை சொல்லும் பொறுப்பும் அவருடையதே. புளூடூத் வழியே இயங்கும் கருவியாயின் கம்பியில்லாத் தொடர்புச் சாதனங்களுக்குரிய ஒப்புதல் பற்றிய கேள்வியும் எழலாம். விலையைக் குறைத்து எழுதும்படி விற்பவரிடம் கேட்பது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அது பொய் அறிவிப்பு. பொருளும் பறிபோகும், தண்டமும் உண்டு.

ஆகவே வரி செலுத்தி இறக்குமதி செய்து இங்கேயே விற்கும் வணிகரிடம் பத்துப் பேருக்கான தள்ளுபடி கேட்பதையே நாம் பரிந்துரைப்போம். விலை சற்றுக் கூடினாலும், பழுதானால் திருப்பித் தர முகவரி ஒன்று இந்தியாவில் இருக்கும். விலைப்பட்டியலை ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே கேட்டுப் பெறுக. உத்தரவாதம் கோரும் நாளில் அது உதவும்.

கூட்டுக் கொள்முதல் நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்தபோது, கடன் இல்லை, ரொக்கமே என்பதை விதியாக வைத்தனர். சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தோன்றியது. முழுப் பணமும் வந்த பின்னரே பொருள் கேட்பது என்ற ராச்டேல் விதி, பத்து நண்பர்களுக்கும் பொருந்தும். ‘நீ போட்டுவிடு, பிறகு தருகிறேன்’ என்பவரின் பங்கு, கடைசியில் ஒருங்கிணைப்பவரின் தலையில்தான் விழும்.

திரட்டிய பணம் எங்கே இருக்க வேண்டும்? இவ்விஷயத்தைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறருக்காக வாங்கித் தருபவர் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில் முகவர். 213-ஆம் பிரிவின்படி, கேட்டபோது அவர் முறையான கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவருடைய சம்பளக் கணக்கில் நண்பர்களின் பணம் கலந்துவிட்டால், வீட்டுக்கடன் தவணை அந்தப் பணத்திலிருந்தே கழிந்துபோகக் கூடும். இருவர் பெயரில், இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே இயங்கும் கூட்டுச் சேமிப்புக் கணக்கைத் தொடங்குவது நலம். இத்தகைய கணக்குக்குப் பொதுவாக டெபிட் அட்டையும் யுபிஐ வசதியும் கிடைப்பதில்லை. அது குறையாகத் தோன்றலாம். நாம் அதைக் காவலாகவே கருதுகிறோம். குடியிருப்புச் சங்கத்தின் கணக்கை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டா. அது எல்லா உறுப்பினருக்கும் உரிய பணம்.

மேற்சொன்ன கணக்கில் வணிகருக்குச் சேர வேண்டியது 1,20,000 ரூபாய். யுபிஐ வழியே பொதுவாக ஒரு நாளில் 1 லட்சம் வரையே அனுப்பலாம். ஆர்டிஜிஎஸ் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் வேண்டும். எனவே நெஃப்ட் முறையே இதற்குப் பொருத்தம். அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துக. வணிகரின் நிறுவனப் பெயருக்கு மாறாக ஏதோ ஒரு தனிநபரின் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுக. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. திருப்பித் தருவதாகக் கூறி அதைக் கேட்பவர் மோசடிக்காரரே.

எல்லாம் கூடி வந்தபின் விலைப்பட்டியல், அனுப்பிய தொகை, மிச்சம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பத்துப் பேருக்கும் தருக. ஆளுக்கு 40 ரூபாயே மிஞ்சினாலும் அதைத் திருப்பி அனுப்பிய பின்னரே கணக்கை மூடும் விண்ணப்பத்தில் இருவரும் கையொப்பமிடலாம். தொடங்கிய சில மாதங்களிலேயே மூடினால் கட்டணம் உண்டா என்பதைத் தொடங்கும் நாளிலேயே கிளையில் கேட்டுக்கொள்க.