கைப்பேசியும் குடும்ப அந்தரங்கமும்

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட மக்கள் திரள்வர். அந்நெரிசலில் முற்காலத்தில் தொலைந்தவை கழுத்துச் சங்கிலியும் பணப்பையும். இன்று கைப்பேசியும் தொலைகின்றது. சங்கிலி போனால் பொன் மட்டுமே போகும். கைப்பேசி போனாலோ வீட்டின் அந்தரங்கமே வெளியேறுகின்றது.

கைப்பேசி என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரு கையடக்கக் கணினி. வங்கிக் கணக்கும், ஆதார் அட்டையின் படமும், மருத்துவ அறிக்கையும், மகளுக்கு வந்த வரன் விவரமும், துயருற்ற நண்பர் நம்மை நம்பி எழுதிய செய்தியும் அதனுள் உள்ளன. இவற்றுள் பல நம்முடையவை அல்ல. பிறர் நம்மிடம் ஒப்படைத்தவை. நண்பனின் இரகசியத்தை வெளியிடுபவன் நட்பையே இழக்கின்றான் என்று சீராக் நூல் எச்சரிக்கின்றது. கவனக்குறைவால் வெளியானாலும் காயம் ஒன்றுதானே!

அழித்தல் என்பது யாது?

ஒரு படத்தை நீக்கியவுடன் அது அழிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அது முதலில் குப்பைத்தொட்டிப் பகுதியில் பல நாள் கிடக்கும். அங்கிருந்து அகற்றிய பின்னும், அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை தடயம் எஞ்சலாம். ஞானஸ்நானப் பதிவேட்டின் பெயர் அட்டவணையைக் கிழித்தாலும் பதிவேட்டின் பக்கங்கள் அப்படியே இருப்பது போன்றது இது.

2019 இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய கைப்பேசிகள் தம்முள் உள்ளவற்றைச் சங்கேதமாக மாற்றியே சேமிக்கின்றன. அவற்றில் 'பேக்டரி ரீசெட்' செய்யும்போது சங்கேதத்தின் திறவுகோல் அழிகின்றது. பெட்டி இருப்பினும் திறக்க வழியில்லை. மிகப் பழைய கருவிகளுக்கு இவ்வுறுதி இல்லை.

விற்கும் முன்னும் தொலைந்த பின்னும்

தென்காசிக் கடைவீதியில் பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்குவோர், தேவையான படங்களை முதலில் வேறிடத்தில் சேமிக்கவும். பின்பு கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி, அதன் பின்னரே ரீசெட் செய்க. மெமரி கார்டு பெரும்பாலும் சங்கேதமாக்கப்படாதது. அதனை எவரிடமும் கொடாதீர். திரை உடைந்தாலும் உள்ளிருக்கும் நினைவகம் உயிரோடிருக்கலாம். ஆகவே உடைந்த கருவியைப் பழைய இரும்போடு போடுவதும் தவறு.

தொலைந்துவிட்டால், வேறொரு கைப்பேசியில் நம் கணக்கினுள் நுழைந்து, தொலைவிலிருந்தே அழிக்கக் கட்டளையிடலாம். அக்கருவி இணையத்தில் சேரும்போது அது நிறைவேறும். உடனே சிம் கார்டை முடக்கி, வங்கிக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவிக்க வேண்டும். கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே அதனை முடக்கலாம். அவ்வெண்ணை இன்றே வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பணம் களவு போயிருப்பின் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சட்டமும் மனச்சான்றும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். திருச்சபையோ 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 220 ஆம் எண்ணிலேயே அதனைப் பாதுகாத்துள்ளது. 489 ஆம் எண், மறைமாவட்டத்தின் இரகசியக் காப்பகத்திலுள்ள சில குற்ற வழக்குகளின் ஆவணங்களை, குற்றவாளி இறந்தபின் அல்லது தீர்ப்பாகிப் பத்து ஆண்டுகள் கடந்தபின், சுருக்கக் குறிப்பையும் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு அழித்துவிடப் பணிக்கின்றது. காக்க வேண்டியதைக் காப்பதும், அழிக்க வேண்டியதை அழிப்பதும் பிறரன்பின் இரு கைகள் அல்லவா?

2023 இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் நாம் நமக்காக வைத்திருப்பதை அது தொடுவதில்லை. அங்கே மனச்சான்றே காவல். இவ்வார இறுதியில் குடும்பமாக அமர்ந்து, தேவையற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றிற்குப் பூட்டிடுவோம். நம்மை நம்பியோரின் நற்பெயர் நம் கையில் உள்ளது.