சைலன்சர் போல்ட் கழலாமல் இருக்க

மேட்டுப்பாளையத்தில் மளிகைச் சரக்கு ஏற்றி உதகைக்கு வரும் நம் வண்டிகள், குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மொத்தம் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறுகின்றன. பாரத்தோடு சின்ன கியரில் ஏறும்போது இன்ஜினோடு சேரும் புகைக்குழாய் கடுமையாகச் சூடேறி விரிகிறது. நிறுத்தியதும் மலைக்குளிரில் சுருங்குகிறது. அதிர்வும் சேர்ந்துகொள்ள, போல்ட்டுகள் தளர்கின்றன. வெளியில் வாங்கி மாற்றிய குழாய் சரியாக உட்காராவிட்டால் இன்னும் சீக்கிரம் தளரும்.

இதை வெறும் சத்தம் என்று விட்டுவிடக் கூடாது. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டும் டிரைவருக்குத் தலைவலி, மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. புதுக்குழாய் போட்டால் கேஸ்கட்டும் புதிதாகப் போடவும்.

2. முதல் லோடு முடிந்து இன்ஜின் நன்றாக ஆறிய பின், எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்கவும். கேஸ்கட் சூட்டில் அமுங்கியிருக்கும்.

3. நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும். மட்டுமீறி முறுக்கினால் போல்ட் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிடும்.

4. நைலான் வைத்த நட் இங்கே உருகிவிடும். ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் விறைப்பு இழக்கும். முழு இரும்பு லாக் நட், அல்லது மடக்கிவிடும் தகட்டு வாஷர் போடவும்.

5. சைலன்சரைத் தாங்கும் கிளாம்ப்பைப் பார்க்கவும். அது விட்டுப்போனால் பாரமெல்லாம் போல்ட்டில் தொங்கும்.

இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் கேட்டாலோ, லோடு ஏற்றும் முன் பட்டறைக்கு விடுங்கள்.