நள்ளிரவில் ஒலிக்கும் மணிப் பூட்டு

காலையில் நீங்கள் காபிக்கு ஊற்றும் பாலுக்கு ஒரு ஜாதகம் உண்டு, தெரியுமா? நொடிக்கு நொடி கணித்த ஜாதகம்! அதை எழுதும் ஆசாமியைப் போன வாரம் நேரிலேயே பார்த்துவிட்டேன். திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில், இரவு இரண்டு மணிக்கு.

"அண்ணே, வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டிருங்க" என்று தலைக்குத் தொப்பி மாட்டிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போனார் ஷிப்ட் ஆபரேட்டர் தம்பி. ஒரே நீராவி. காய்ச்சின பால் வாசம். ஸ்டீல் குழாய்களின் இரைச்சலுக்கு நடுவே, பேனல் கதவில் 144 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு திரை. அதில் வண்ண வண்ணக் கோடுகள் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவர்தான் நம் ஆசாமி: ரெக்கார்டர்!

சிவப்புக் கோடுதான் கதாநாயகன். சூடான பால் கடந்துபோகும் ஹோல்டிங் டியூப் முடியும் இடத்தில் பாலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டினம் சென்சாரிலிருந்து வருகிறது. 0 டிகிரியில் 100 ஓம் இருக்கும் அதன் மின்தடை, 72 டிகிரியில் சுமார் 127.8 ஓம் ஆகிவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் ரெக்கார்டர் வெப்பநிலையாகப் படிக்கிறது. பால் 72 டிகிரியில் 15 விநாடி நின்றாக வேண்டும். பிறகு 4 டிகிரிக்குக் குளிர வேண்டும். பாஸ்சரைசேஷனின் உயிர்நாடியே இதுதான்.

நான் நின்றிருந்தபோதே கூத்து நடந்தது. சிவப்புக் கோடு 76-லிருந்து சரிந்தது. 75... 74... 'டப்'! வால்வு திரும்பி, பால் முழுக்க முதல் தொட்டிக்கே போய்விட்டது. 72 போதும் என்றாலும், இரண்டு டிகிரி முன்னாலேயே வாசலை அடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். அலாரம் அலறுகிறது. தம்பி பதறவே இல்லை. திரையைத் தொட்டார், அது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. கொடுத்தார். காரணம் என்ன என்றது. 'பாய்லர் ஸ்டீம் பிரஷர் குறைவு' என்று ஒற்றை விரலால் தட்டினார். அவர் பெயர், நேரம், காரணம் மூன்றும் கோட்டுக்குப் பக்கத்திலேயே பதிந்துவிட்டன. எனக்குக் கை தட்டத் தோன்றியது!

"அந்த 74-ஐ 70 ஆக்கிட்டா அலாரமே அடிக்காதே தம்பி?"

"எனக்கு அந்த மெனுவே வராதுண்ணே."

அதுதான் சங்கதி. ஆபரேட்டருக்குப் பார்க்கவும், அலாரத்தை ஏற்கவும், குறிப்பு எழுதவும் மட்டும் உரிமை. அலாரம் அளவுகளைத் தொட சூப்பர்வைசர் வர வேண்டும். புது ஆளைச் சேர்ப்பது, கடிகாரத்தைத் திருத்துவது இரண்டும் தரக்கட்டுப்பாட்டு அக்காவின் கையில். கடிகாரத்துக்கு எதற்கு இத்தனை காவல் என்று கேட்டேன். "நேரம் தப்புன்னா மத்த எல்லாமே பொய் சார்" என்றார் அக்கா. வேலையை விட்டுப் போனவரின் கணக்கைக்கூட அழிப்பதில்லையாம், முடக்கி மட்டும் வைப்பார்கள். அழித்தால் பழைய பதிவுகளில் அவர் யாரென்று தெரியாமல் போய்விடுமே!

சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் மணிப் பூட்டைச் செய்த ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ரெக்கார்டரும் அசல் மணிப் பூட்டுதான். யார் திறந்தாலும், எதைத் தொட்டாலும், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் தணிக்கைப் பதிவில் ஒரு வரி விழும். அந்த வரியை அக்காவாலும் அழிக்க முடியாது. அமெரிக்காவில் 1997-ல் மருந்து, உணவுத் துறைகளின் மின்னணுப் பதிவுகளுக்கு வந்த '21 சி.எஃப்.ஆர் பகுதி 11' விதி இப்படிப்பட்ட கருவிகளைக் கேட்டது. அந்தக் கண்டிப்பு இன்று நம்மூர்ப் பாலுக்கும் காவல் நிற்கிறது.

அடுத்து, சேமிப்பு. நான்கு சென்சார், நொடிக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளைக்கு 3,45,600 எண்கள்! உள் நினைவகம் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியதை எழுதத் தொடங்கிவிடும். அதனால் நெட்வொர்க் வழியாக சர்வருக்கு ஒரு பிரதி, காலையில் பென் டிரைவில் இன்னொன்று. எக்செலில் எடுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் சாட்சி, ரெக்கார்டர் முத்திரையிட்டு எழுதிய மூலக் கோப்புதான். அதில் ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா மாதம் ஒருமுறை பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் திறந்து பார்ப்பாராம். இந்தப் பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. திறக்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேர்!

பரணில் பழைய வட்டச் சார்ட்டுகளையும் காட்டினார்கள். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் தாள், மேலே மைப் பேனா. அமெரிக்காவின் பிரிஸ்டல் கம்பெனி 1889-லேயே பதிவுக் கருவி செய்யத் தொடங்கிவிட்டது. அழகான தாள்கள்தான், ஆனால் பாதிக்கு மேல் மை வெளுத்துவிட்டது. இதே மாவட்டத்து மலை மேல், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்து, டிஜிட்டலாக்கி, உலகத்துக்கே கொடுத்திருக்கிறது. எடுத்து வைப்பதில் நம் மாவட்டம் சோடை போனதில்லை.

ஒரே ஒரு கவலை. வேறோர் ஊரில் ஒரு ஆலையில், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பேனல் கதவிலேயே ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின். அங்கே மணி அடித்தாலும், அடித்தது யாரென்று தெரியாது.

பாலோ, நூலோ, தோலோ, நீங்கள் எந்த ஆலையில் இருந்தாலும் சரி, இன்று ஷிப்டுக்குப் போனதும் உங்கள் பெயரில் தனி லாகின் கேட்டு வாங்குங்கள். அதை உயிர் நண்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.