திறந்த மூலம், மூடிய வாசல்: உலாவிகளை ஆள்வது யார்?

2025 செப்டம்பர் 2 அன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி அமித் மேத்தா ஒரு தீர்ப்பை வழங்கினார். தேடுபொறிச் சந்தையில் கூகுள் நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாகத் தன் ஏகபோகத்தைக் காத்து வருகிறது என்று அதே நீதிபதி 2024 ஆகஸ்டிலேயே கண்டறிந்திருந்தார். பரிகாரமாகக் குரோம் உலாவியை அந்நிறுவனம் விற்றுவிட வேண்டும் என்று அமெரிக்க அரசு கோரியது. நீதிபதி அதனை ஏற்கவில்லை. பிறரை அடைத்துவைக்கும் ஒப்பந்தங்களைப் போடக் கூடாது, தேடல் தரவுகளில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டார். தன் தேடுபொறியை முன்னிலையில் வைப்பதற்காகப் பிற நிறுவனங்களுக்குக் கூகுள் பணம் கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. குரோம் கூகுளிடமே இருக்கிறது.

சாதி வன்கொடுமைகளையும் நில உரிமைப் போராட்டங்களையும் எழுதிவரும் இடத்தில் உலாவியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் செய்தியாளர்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் வாசகரைச் சென்றடைவது ஓர் உலாவியின் வழியாகவே. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவியும், முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தேடும் வழக்கறிஞரும் அதே சாளரத்தின் முன்தான் அமர்கிறார்கள். அந்தச் சாளரத்தின் வழியாக எதைப் பார்க்கலாம், பார்ப்பவரை யார் பார்க்கலாம் என்ற விதிகளை எழுதுவோர் உலகம் முழுவதிலும் சில ஆயிரம் பேரே. அவர்களுள் பெரும்பாலோர் மூன்று நான்கு நிறுவனங்களின் ஊதியப் பட்டியலில் இருப்பவர்கள்.

உலாவியின் உள்ளே 'பொறி' என்று அழைக்கப்படும் ஒரு பகுதி உண்டு. ஒரு தளத்திலிருந்து வந்து சேரும் குறிகளைப் படித்து, எழுத்தாகவும் படமாகவும் பொத்தானாகவும் திரையில் வரைவது இதுவே. வெளித்தோற்றத்தில் உலாவிகள் பல. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் கைபேசிகளில் வரும் உலாவி ஆகிய அனைத்தின் உள்ளேயும் ஓடுவது கூகுள் பராமரிக்கும் பிளிங்க் என்னும் ஒரே பொறி. ஆப்பிளின் சஃபாரியில் வெப்கிட் ஓடுகிறது. ஃபயர்பாக்ஸில் கெக்கோ ஓடுகிறது. பரவலாகப் புழங்கும் பொறிகள் இம்மூன்றே. குரோம் ஒன்றே உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கைக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொறியின் பிறப்புக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளிங்க் கூகுளின் ஆய்வகத்தில் முதலிலிருந்து எழுதப்பட்டதன்று. 1998 வாக்கில், கேடிஈ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்த தன்னார்வ நிரலாளர்கள், லினக்ஸ் கணினிகளில் இயங்கும் கான்கரர் என்ற உலாவிக்காகக் கேஹெச்டிஎம்எல் என்னும் பொறியை எழுதத் தொடங்கினர். அளவில் சிறியது, நிரல் தெளிவானது. 2003 ஜனவரியில் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியை அறிவித்தபோது, அதன் உள்ளே இருப்பது இந்தத் தன்னார்வலர்களின் பொறியே என்பது உலகுக்குத் தெரியவந்தது. ஆப்பிள் செய்தது திருட்டன்று. மூலநிரலை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பி வெளியிட வேண்டும் என்பதே அதன் உரிமம். ஆப்பிளும் வெளியிட்டது. ஆனால் எதை ஏன் மாற்றினோம் என்ற வரலாறு இன்றிப் பெரும் பொதிகளாக அவிழ்த்துக் கொட்டியது. மாலை வேளைகளில் ஊதியமின்றி உழைத்த அந்தச் சிலரால் அவற்றைப் பிரித்துத் தங்கள் நிரலோடு சேர்க்க இயலவில்லை. அவர்கள் வெளிப்படையாகவே மனக்குறையைச் சொன்ன பின்னர், 2005 ஜூனில் ஆப்பிள் வெப்கிட்டின் பணிக்கூடத்தைப் பொதுவில் திறந்தது. 2008 செப்டம்பரில் கூகுள் அதே வெப்கிட்டைக் கொண்டு குரோமை வெளியிட்டது. 2013 ஏப்ரலில் அதிலிருந்து தனியே பிரிந்து பிளிங்க் எனப் பெயரிட்டுக்கொண்டது. கேஹெச்டிஎம்எல் இன்று கைவிடப்பட்டுவிட்டது. கான்கரர் இன்று தன் பக்கங்களை வரைவதற்குக் குரோமியத்தின் பொறியையே நம்பியிருக்கிறது. வயலைத் திருத்தியவர்களின் வீட்டுக்கே அரிசி கடையிலிருந்து வருகிறது.

'ஆனால் குரோமியம் திறந்த மூலம்தானே, எவரும் எடுத்துக்கொள்ளலாமே' என்பது தொழில்நுட்பவாதிகளின் வழக்கமான மறுமொழி. இதை நாம் கவனமாக ஆராய வேண்டும். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதார் உட்பட அனைவருக்கும் உரியவை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதனையொட்டி மகத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று நீரை அள்ளும் வரை அந்தத் தீர்மானம் தாளிலேயே இருந்தது. அள்ளியவர்கள் அன்றே தாக்கப்பட்டனர். ஒரு மென்பொருள் உரிமத்தையும் மகத்தின் இழிவையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. திறந்திருக்கிறது என்ற அறிவிப்புக்கும், உள்ளே சென்று பயன்கொள்ளும் ஆற்றலுக்கும் இடையிலுள்ள தொலைவை நம் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது என்பதையே சொல்கிறோம். குரோமியத்தின் மூலநிரல் கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டது. அதை எவரும் படியெடுக்கலாம். வாரந்தோறும் வெளிப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே அதைத் தனியாக நடத்திச் செல்ல நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும். மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனமே தன் சொந்தப் பொறியைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றிக்கொண்டது. 1990களின் இறுதியில் உலாவிப் போரில் நெட்ஸ்கேப்பை வீழ்த்தி, அதற்காகவே அமெரிக்க அரசின் வழக்கைச் சந்தித்த நிறுவனம் அது.

அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை அண்மைய இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. முதலாவது, நீட்சிகளைப் பற்றிய விதிமாற்றம். விளம்பரத் தடுப்பான்கள் முன்பு உலாவி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நேரில் பார்த்து, இது விளம்பரம், இது உளவு என்று தாமே முடிவுசெய்து நிறுத்தின. 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய விதிப்படி, தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நிறுத்துவது உலாவியின் பொறுப்பு. பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. தீய நீட்சிகள் பயனரின் தரவைத் திருடுவதைத் தடுக்கவே இம்மாற்றம் என்று கூகுள் கூறியது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் வருவாயின் பெரும்பகுதியை விளம்பரத்தால் ஈட்டும் ஒரு நிறுவனமே விளம்பரத் தடுப்பானின் கயிற்றின் நீளத்தையும் முடிவுசெய்கிறது. யூபிளாக் ஆரிஜின் என்னும் பெயர்பெற்ற தடுப்பான் அதன் பழைய வடிவில் இப்போது குரோமில் இயங்காது. ஃபயர்பாக்ஸில் இயங்குகிறது.

இரண்டாவது, 2023இல் கூகுள் பொறியாளர்கள் முன்வைத்த ஒரு வரைவு. ஒரு தளத்தைத் திறக்க வருபவரின் கருவியும் உலாவியும் 'நம்பத்தக்கவை' என்று மூன்றாம் தரப்பு ஒன்று சான்று வழங்கும். அச்சான்றைக் கேட்டுப் பெற்ற பின்னர் வாசலைத் திறப்பதா வேண்டாமா என்று தளம் முடிவுசெய்துகொள்ளலாம். போலிக் கணக்குகளைக் கண்டறிவதே நோக்கம் என்றனர். பழைய கைபேசி வைத்திருப்பவர், மாற்று மென்பொருளை நிறுவியவர், பெருநிறுவனத்தின் முத்திரை இல்லாதவர் ஆகியோர் வாசலிலேயே நிறுத்தப்படும் ஆபத்தை மொசில்லா உள்ளிட்ட பலர் சுட்டிக்காட்டிக் கண்டித்தனர். 2023 நவம்பரில் வரைவு கைவிடப்பட்டது. எதிர்ப்பு வென்ற நிகழ்வு இது என்பதால் மறக்கக் கூடாதது. ஆனால் மொசில்லா எதிர்க்க முடிந்தது, அதனிடம் சொந்தப் பொறி ஒன்று இருப்பதால்.

அந்த மொசில்லாவின் நிலையோ இரங்கத்தக்கது. 1998இல் நெட்ஸ்கேப் திறந்துவிட்ட நிரலிலிருந்து வளர்ந்து, 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸை வெளியிட்டு, இணையத்தை மைக்ரோசாஃப்டின் பிடியிலிருந்து மீட்டதில் பெரும்பங்கு வகித்த அமைப்பு அது. அதன் வருவாயின் பெரும்பகுதி இன்று கூகுளிடமிருந்தே வருகிறது. ஃபயர்பாக்ஸில் கூகுள் தேடுபொறியை முதலில் வைப்பதற்கான கட்டணம் அது. கூகுளின் பணம் நின்றால் ஃபயர்பாக்ஸ் பிழைப்பது அரிது என்று மொசில்லாவே நீதிமன்றத்தில் வாதிட வேண்டியதாயிற்று. ஆப்பிளுக்கு 2022இல் மட்டும் கூகுள் செலுத்திய தொகை 2,000 கோடி டாலர் என்பது அதே வழக்கில் வெளிவந்த செய்தி. மூன்று பொறிகளுள் ஒன்று கூகுளுடையது. எஞ்சிய இரண்டின் உரிமையாளர்களும் கூகுளிடம் பணம் பெறுபவர்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடியான ஓர் அனுபவம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் உலாவியில் தெரிந்த பக்கம் வேறோர் உலாவியில் புரியாத குறிகளாகச் சிதறியது. ஒருங்குறி வந்த பின்னரும், 2008 வரையிலான ஃபயர்பாக்ஸில், பத்தியின் இரு ஓரங்களையும் நேர்செய்து அமைத்தால் ஒற்றைக்கொம்பு ஒருபக்கமும் எழுத்து மறுபக்கமுமாகத் தமிழ் உடைந்துபோகும். அக்காலத்தில் வலைப்பதிவு எழுதிய எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். இன்று குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் நம் உயிர்மெய் எழுத்துகளை முறையாகக் கோத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்னும் சிறிய கட்டற்ற மென்பொருள். அதை வளர்த்தெடுத்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்து கனடாவில் வாழ்ந்தவர். 2020 ஜனவரியில் தாயகம் சென்றபோது ஈரானின் புரட்சிக் காவல்படை தன்னைச் சிறைப்பிடித்து, தனிமையில் அடைத்து, உளவு சொல்ல வற்புறுத்தியதாகப் பின்னர் அவரே வெளிப்படுத்தினார். நாம் நாள்தோறும் படிக்கும் 'கொ'வுக்கும் 'கௌ'வுக்கும் பின்னால் இப்படியும் ஒரு கதை உண்டு.

இத்தனைக்குப் பிறகும் நிரலாளர் உலகில் ஒரு சொற்றொடர் தளராமல் வலம்வருகிறது: 'இங்கே அரசியல் வேண்டாம்.' 2021இல் ஒரு திறந்த மூலத் திட்டத்தில், கையேட்டில் பயனரை 'அவன்' என்று சுட்டும் இடத்தைப் பாலின வேறுபாடற்ற சொல்லாக மாற்ற ஒருவர் திருத்தம் அனுப்பினார். தனிப்பட்ட அரசியலுக்கு இது இடமன்று என்று கூறித் திட்டத்தின் தலைவர் ஆண்ட்ரியாஸ் கிளிங் அதை மறுத்தார். அத்திட்டத்திலிருந்து கிளைத்ததுதான் கூகுளின் பொறியைச் சாராமல் முதலிலிருந்து எழுதப்படும் லேடிபேர்ட் உலாவி. 2024இல் லேடிபேர்ட் தனி அமைப்பாக அறிவிக்கப்பட்டபோது இந்தப் பழைய மறுப்பு மீண்டும் விவாதத்துக்கு வந்தது. ஏகபோகத்துக்கு மாற்றாக எழும் முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆனால் 'அவன்' என்பது அரசியலன்று, 'அவர்' என்பதே அரசியல் என்னும் வாதம் நமக்குப் பழக்கமான வாதம். சாதிப் பெயரைப் பின்னொட்டாகப் போட்டுக்கொள்வது மரபு, அதைச் சுட்டிக்காட்டுவது சாதிவெறி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

சொற்களை மாற்றுவதை நாம் ஏளனம் செய்யவில்லை. 2020இல் கிட்ஹப் தளம் நிரலின் முதன்மைக் கிளைக்கு வழங்கிவந்த, எசமானனைக் குறிக்கும் பழைய பெயரைக் கைவிட்டது. வெற்று நாடகம் எனப் பலர் நகைத்தனர். பறையர் என்னும் மக்கட்பெயர் ஆங்கில அகராதியில் விலக்கிவைக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாகப் பதிந்துகிடப்பதை அறிந்த நாம் அப்படி நகைக்க முடியாது. நம் வினா வேறு. சொற்களை மாற்றத் துணிந்த அதே தொழில்துறை, அறைக்குள் இருக்கும் சாதியைப் பேச ஏன் அஞ்சுகிறது? 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டிக் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் ஆற்றவிருந்த உரை, ஊழியர் சிலரின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. பிளவை உண்டாக்குகிறது என்பது நிறுவனம் சொன்ன காரணம். அதை ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா பணியிலிருந்து விலகினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தலித் பொறியாளர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டுக்காகக் கலிஃபோர்னிய மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஆளுநர், இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி இதே நோக்கமுள்ள சட்டவரைவைத் திருப்பியனுப்பினார். உலகின் பெரும்பாலோர் பயன்படுத்தும் உலாவியை எழுதும் நிறுவனத்தின் உள்ளே நம்மைப் பற்றிய ஓர் உரைகூட நிகழ முடியவில்லை என்பதையும், அந்த உலாவியின் விதிகளை வகுக்கும் அறையில் நமக்கு இடமில்லை என்பதையும் இரு தனிச் செய்திகளாக நாம் பார்க்கவில்லை.

வேறு வகையிலும் இப்பணியைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஸ்பெயினின் கலீசியாவில் தொடங்கப்பட்ட இகாலியா என்னும் அமைப்பு, அதில் உழைப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு. குரோமியம், வெப்கிட் இரண்டுக்கும் அவர்கள் கணிசமாகப் பங்களித்திருக்கிறார்கள். 2020இல் மொசில்லா ஆட்குறைப்புச் செய்து கைவிட்ட செர்வோ என்னும் பொறியை 2023 முதல் முன்னெடுத்து வளர்ப்பவர்களும் அவர்களே. அன்றாடப் பயன்பாட்டுக்கு அது இன்னும் வரவில்லை.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பர் முதல் அவற்றைப் பரவலாக ஏற்கிறது. வழக்கு விவரங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் கைபேசியிலேயே தேட வேண்டியிருக்கும் களப்பணியாளர்கள் அதை நிறுவி, அதனுள் யூபிளாக் ஆரிஜின் நீட்சியையும் சேர்த்துக்கொண்டால், தளத்துக்குத் தளம் பின்தொடரும் விளம்பர உளவுநிரல்களில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். பத்து நிமிட வேலை.