தொட்டியைத் தூக்குமுன் தரையைப் பார்!

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பால்மரத்தையும் செம்பனையையும் மட்டும் நம்பி இருக்கவில்லை. நம் பத்து காவானையே பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண்ணில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலமும் அங்கேதான் கரையேறுகிறது. இப்படி நிலத்தை வெட்டிச் சமன் செய்ய மண் லோரி வேண்டும். லோரிக்கு டிரைவர் வேண்டும். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகிய பையன், கனரக வாகனத்துக்கான 'இ' லைசென்சும், சரக்கு லோரிக்கு வேண்டிய ஜி.டி.எல். லைசென்சும் எடுத்துக்கொண்டு டிப்பர் லோரியில் ஏறுகிறான்.

நல்ல காரியம்தான். ஆனால் சாலையில் ஓட்டுவது ஒரு வித்தை. மண்மேட்டில் நின்று தொட்டியைத் தூக்கிக் கொட்டுவது வேறொரு வித்தை.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே! ஒன்றை மனத்தில் பதிய வையுங்கள். டிப்பர் லோரி மிகவும் பலவீனமாக இருப்பது தொட்டி மேலே நிற்கும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பை நினைத்துப் பாருங்கள். அடியில் கை கொஞ்சம் சாய்ந்தால் போதும், நுனி எங்கேயோ போய்விடும், பிடிக்க முடியாது. லோரியும் அப்படித்தான். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் ஒரு சாண் இறங்கியிருந்தால், தூக்கிய தொட்டியின் தலை அதைவிட அதிகமாக வெளியே சாயும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மழையில் நனைந்தால் இரண்டு டன்னை நெருங்கும். அத்தனை பாரமும் ஒரு பக்கம் சாய்ந்தபின் பிரேக் உதவாது, ஸ்டீயரிங்கும் உதவாது.

ஆகவே கொட்டும் இடத்துக்கு வந்ததும் இறங்கி ஒரு நடை நடந்து பாருங்கள். தரை சமமாக இருக்கிறதா? காலால் மிதித்தால் அமுங்குகிறதா? ஒரு பக்க டயரில் காற்றுக் குறைந்திருக்கிறதா? மண்ணை ஒரே பக்கமாக ஏற்றிவிட்டார்களா? தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா? எல்லாம் பார்த்தபின், பின்கதவின் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் தொட்டியைத் தூக்க வேண்டும்.

ஈரக் களிமண் தொட்டியின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இறங்காது. அப்போது சிலர் லோரியை முன்னும் பின்னும் உலுக்குவார்கள். இது கெட்ட பழக்கம். பாரம் முழுவதும் உச்சியில் இருக்கும்போது உலுக்கினால் லோரியே குடைசாயும். தொட்டியை இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, மண்ணைத் தளர்த்திவிட்டு மறுபடி தூக்குங்கள். கொட்டி முடித்ததும் தொட்டி முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்த்தபிறகே லோரியை நகர்த்துங்கள்.

தூக்கிய தொட்டி மின்கம்பியில் பட்டுவிட்டால் பதறிக் கீழே இறங்காதீர்கள். உள்ளேயே இருந்து, மற்றவர்களைத் தூரப் போகச் சொல்லுங்கள். லோரி தீப்பிடித்தால் மட்டும், இரண்டு காலையும் சேர்த்துக் குதியுங்கள். லோரியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. பிறகு கால்களைச் சேர்த்தபடியே தாவித் தாவி விலகுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கை காட்ட ஒரே ஆள் போதும். "வா அண்ணே, வா" என்று நாலு பேர் கத்தினால் யார் பேச்சைக் கேட்பது? அந்த ஒருவர் கண்ணாடியில் மறைந்த நொடியே பிரேக்கை மிதியுங்கள். தூக்கிய தொட்டிக்கு அடியில், முட்டுக் கொடுக்காமல் யாரும் தலையை நீட்டக்கூடாது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் தொட்டி சொல்லிக்கொண்டு இறங்காது!

மழைநாளில் இன்னும் கவனம் வேண்டும். மலையை வெட்டிய மண் எப்படிப்பட்டது என்பதைப் பினாங்கு கண்ணீரோடு கற்றிருக்கிறது. 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஓராண்டுகூட முழுதாய் முடியுமுன், 2018 அக்டோபர் 19ஆம் தேதி பாயா தெருபோங் அருகே புக்கிட் குக்குஸ் சாலை வேலையில் மேலும் 9 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவை லோரி விபத்துகள் அல்ல. ஆனால் மனிதனை விழுங்கும் அந்த மண்தான் நம் லோரியையும் தாங்க வேண்டும். மழை பெய்த மேட்டின் விளிம்புக்குப் போகாதீர்கள். தள்ளி நின்று கொட்டுங்கள். மிச்சத்தை மண்தள்ளி இயந்திரம் தள்ளிக்கொள்ளட்டும்.

இதெல்லாம் டிரைவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், இறங்கிப் பார்க்கும் இரண்டு நிமிடமும் காசாகத் தெரிகிறது. "சீக்கிரம் கொட்டுப்பா, பின்னாலே லோரி நிக்குது!" என்று அவசரப்படுத்துகிறார்கள். பாதி விபத்து அங்கேயே பிறந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட நேரத்தில் "இங்கே கொட்ட முடியாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. முதலில் மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். சாட்சிக்கு ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் சொக்சோ பணம் கட்டப்படுகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாய்மார்களே! காலையில் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது, "இன்னைக்கு எத்தனை நடை?" என்று கேட்காதீர்கள். "தரையைப் பார்த்துக் கொட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஒரு நடை குறைந்தால் நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். போன உயிரை எந்த லோரியும் திருப்பிக் கொண்டுவராது.